ஓடுகிற வண்டியைக் கழற்றியவர்

என் அக்கா புருஷனிடம் எந்தப் பொருளையும் காட்டக்கூடாது. பழுதான பொருளாக இருந்தால்கூடப் பரவாயில்லை. நன்றாக வேலை செய்கிற பொருளாக இருந்தால்தான் ஆபத்து. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உதட்டைப் பிதுக்குவார். பிறகு, "இதுல ஒரு சின்ன சோலி பாக்கி இருக்கு, மாப்ளே" என்பார். அத்தோடு அந்தப் பொருளின் ஆயுசு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கல்யாணத்தன்றே எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். போடியில் எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. மைக் செட் லேசாக இரைந்துகொண்டிருந்தது. பந்திக்கு முந்திக்கொண்டிருந்த யாருக்கும் அது காதில் விழவில்லை. மணவறையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளைக்கு மட்டும் விழுந்தது. பட்டு வேட்டியோடு எழுந்து போய் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தைத் திறந்துவிட்டார். தாலி கட்டும்போது பந்தலில் மைக்கும் இல்லை, விளக்கும் இல்லை. "கைவேலை தெரிஞ்ச பையன்" என்று என் அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணைக் கொடுத்துவிட்ட மனிதர் வேறு என்ன சொல்ல முடியும்?

அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்து பம்ப் செட். அது தண்ணீரை நன்றாகத்தான் இறைத்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வேகமாக இறைக்கட்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அந்தக் கோடை முழுக்க நாங்கள் பக்கத்துத் தோட்டக்காரரிடம் தண்ணீருக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோம். அந்த பம்ப் செட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், தான் அதில் செய்ய நினைத்ததை வெகு அழகாக விளக்குவார். கேட்கிறவனுக்கு, பம்ப் செட் ஓடாததே ஒரு முன்னேற்றம் என்று தோன்றிவிடும். அவரிடம் இருந்த ஒரே திறமை அந்தப் பேச்சுதான் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் அந்தக் கார் வந்தது.

அக்காவுக்குப் போடிமெட்டுக்குப் பக்கத்துச் சரிவில் அப்பா எழுதிக்கொடுத்த ஏலக்காய்த் தோட்டம் ஒன்று உண்டு. அவள் கல்யாணமாகிப் போனபோது அதில் செடிகளெல்லாம் சீக்கு விழுந்து சுருண்டு கிடந்தன. மற்றவர்களாக இருந்தால் வந்த விலைக்குத் தள்ளிவிட்டிருப்பார்கள். அக்கா அப்படியே மலையேறி, அங்கேயே ஒரு ஓட்டு வீட்டில் குடியிருந்து, சீக்குச் செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டுப் புதிதாக நட்டாள். ஏலச்செடி நட்டவுடனே காய்த்துவிடாது. மூன்று வருஷம் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். அட்டைக்கடியும் மழையுமாக அவள் பார்த்தாள். அவளுடைய ஆசை ஒன்றே ஒன்றுதான். போடி ஏலக்கூடத்தில் அவள் நட்ட செடியின் காய் அவள் பேரில் கூப்பிடப்பட்டு, முதல் தரமாகப் போக வேண்டும். அங்கே கமிஷன் கடை வைத்திருந்தவன் நான். அதனால் அந்த ஆசையை என்னிடம்தான் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

அவள் செடி நட்டுக்கொண்டிருந்தபோது புருஷன்காரர் மேல் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், கொட்டகைக்குள் கிடந்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டுபிடித்தார். எஸ்டேட்டை விட்டு எப்போதோ கப்பலேறிய துரை ஒருவன் போட்டுவிட்டுப் போனது. இரண்டு பேர்தான் உட்காரலாம். கூரை கிடையாது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மழை பெய்கிற இடத்துக்குக் கூரையில்லாத கார். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வயிறு. ஜீப்பே முக்கி முனகிக்கொண்டு போகிற எங்கள் மலைப்பாதையில் அந்த வயிறு என்ன ஆகும் என்று நான் கேட்டேன்.

"அதுக்கு ஸ்பிரிங்கை மாத்தி ஒசத்திடலாம், மாப்ளே. ஒரு சின்ன சோலிதான்."

"ஒசத்திட்டா ஸ்போர்ட்ஸ் காரு எப்படி மச்சான் ஆகும்?"

"அப்புறம் இன்னொரு சோலி பாத்துத் திரும்ப எறக்கிக்கலாம்."

இதற்கு மேல் அவரிடம் பேசுவது எனக்கு வீண் என்று பட்டது.

லாரியில் ரோடு வரைக்கும் வந்த காரைக் கட்டை கட்டித் தூக்கி, சாமி சப்பரம்போலத் தோட்டத்துக்குள் இறக்கினார்கள். பக்கத்துத் தோட்டத்தில் காயெடுக்கும் பெண்கள் மழைக்குத் தலையில் போட்டிருந்த கொங்காடையை விலக்கிவிட்டுச் சிரித்தார்கள். நனையாத இடம் வேண்டும் என்று அதை நேராக ஸ்டோருக்குள் தள்ளிவிட்டார். ஸ்டோர் என்றால் மளிகைக் கடை இல்லை. ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வெளியே உலையில் விறகு எரியும். அந்தச் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே ஓடும். தட்டுத்தட்டாகப் பரப்பிய பச்சைக்காய் அந்தச் சூட்டில் பச்சை மாறாமல் காயும். பறித்த காயைத் தாமதிக்காமல் உள்ளே ஏற்றியாக வேண்டும். ஸ்டோர் இல்லாதவனுக்குத் தோட்டம் இருந்தும் பிரயோசனமில்லை.

"செடி காய்க்க இன்னும் நாளிருக்குல்ல. அதுவரைக்கும் சும்மாத்தானே கெடக்கு" என்றார். அக்காவும் சரி என்றுவிட்டாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். புருஷன் வேறு எங்கும் திரியாமல் கண்ணெதிரே இருக்கிறானே என்று எந்தப் பெண்ணும் நினைக்கத்தான் செய்வாள்.

அந்த வருஷங்களில் அவர் காருக்கு வாங்கிய முதல் சாமான் எது தெரியுமா? ஹாரன். மூன்று ஸ்வரம் பாடுகிற ஹாரன். இன்ஜினில் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது, டயர் நான்கும் வெடித்துக் கிடந்தது, ஆனால் ஹாரன் வந்துவிட்டது. ஒரு பாட்டரியில் மாட்டி அடித்துப் பார்ப்பார். கீழே அடுத்த தோட்டத்தில் காய் எடுக்கிறவர்கள் பஸ் வந்துவிட்டதென்று நினைத்துக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். அடுத்து பனி விளக்கு. அதற்கடுத்து ரேடியோ. மலையில் அந்த ரேடியோவில் கரகரப்பைத் தவிர எதுவும் பிடிக்காது. அதற்கும் ஒரு உயரமான ஏரியல் போட அவரிடம் திட்டம் இருந்தது.

போடிமெட்டு டீக்கடையில் ஜீப் டிரைவர்கள் அவரை வம்புக்கு இழுப்பார்கள். "அண்ணே, வண்டி எப்ப ஓடும்?" என்று கேட்டால் பதில் வராது. எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதைச் சொல்வார். கொண்டை ஊசி வளைவில் லோடு லாரிக்குப் பின்னால் உருட்டிக்கொண்டே போகிற ரோடு அது. அதில் நூறு மைல் வேகத்தைப் பற்றி டீ ஆறும்வரை பேசுவார். டிரைவர்கள் முகத்தைப் பவ்யமாக வைத்துக்கொண்டு தலையாட்டுவார்கள். அவர் கிளம்பியதும் அந்தப் பேச்சை நடித்துக் காட்டுவார்கள். நானே இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். நன்றாகத்தான் நடித்தார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக ரெட்டை கார்ப்பரேட்டர். பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கிற அந்தச் சாமான் எல்லா வண்டிக்கும் ஒன்று போதும். இவருக்கு மட்டும் இரண்டு வேண்டும். என் கடையில் வியாபாரிகள் இருக்கும்போதே வந்து உட்கார்ந்து, இரண்டு டம்ளரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்குவார்.

மூன்றாம் வருஷம் செடியில் சரஞ்சரமாகக் காய் இறங்கியது. அக்கா ஒருநாள் ஸ்டோர் வாசலில் நின்று, "ஆடி பொறந்தா காயெடுப்பு. அதுக்குள்ள இந்த வண்டி தானா வெளிய போகணும். இல்லைன்னா ஆள வெச்சுத் தூக்கி ஓடையில போட்டுருவேன்" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. அக்கா சத்தம் போடாமல் சொன்னால் அதைச் செய்துவிடுவாள் என்பது எங்கள் குடும்பம் முழுக்கத் தெரியும்.

மனிதர் பயந்துபோனார். பயந்த மனிதருக்கு ஹாரனைப் பற்றி யோசிக்க நேரமில்லை. எலிக்கூட்டைக் கலைத்தார், டயர் மாற்றினார், இருந்த ஒற்றை கார்ப்பரேட்டரையே கழுவி மாட்டினார். ஆனி மாதக் கடைசியில் ஒருநாள் கார் ஓடியது. எதையும் கூட்டிச் சேர்க்க அவகாசம் கிடைக்காததால்தான் ஓடியது.

பலகை போட்டு ரோட்டுக்கு ஏற்றி, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, போடி வரைக்கும் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அக்கா தலையில் சேலையை இறுக்கிச் சுற்றியிருந்தாள். முகமெல்லாம் புழுதி. என் கடை வாசலில் இறங்கும்போது சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை அவள் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. "தம்பி, வளைவுல திரும்பறப்ப வயிறு அப்படியே கூசுது" என்றாள். பஸ் ஸ்டாண்டில் இருந்து கூட்டம் வந்து காரைச் சுற்றி நின்றுவிட்டது. இவ்வளவு நாள் கேலி பேசிய ஜீப் டிரைவர் ஒருவனே சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தான். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவரைப் பார்த்தால், என் கடைக்குள் மூட்டைமேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன மச்சான், வண்டிதான் ஓடிருச்சே?"

"ஓடுது" என்றார். "ஓடுது, மாப்ளே. ஆனா இவ்வளவுதானான்னு இருக்கு."

அந்த மனிதரை நான் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான். அவருக்கு வண்டி ஓட வேண்டும் என்ற ஆசையே கிடையாது. ஓடப்போகிற வண்டிதான் அவருக்கு வேண்டும். ஓடிவிட்ட வண்டி, மூன்று வருஷ ஆசைக்குச் செய்த துரோகம்போல அவருக்கு இருந்தது.

ஆனாலும் ஸ்டோர் காலியாகிவிட்டது. அக்கா அதைக் கழுவி, குழாய் அடைப்பெடுத்து, தட்டுகளை வெயிலில் காயவைத்துப் பூட்டு போட்டாள். அவர் காரைத் தேனியில் ஒரு பெயிண்டரிடம் கொண்டுபோய் விட்டார். முதல் தர ஏலக்காயின் பச்சை நிறம் வேண்டுமாம். மாதிரிக்கு என் கடையிலிருந்து ஒரு கை காயைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். பெயிண்டர் அதை ஜன்னலில் வைத்துவிட்டு, கையிலிருந்த வேலைகளை முடித்துவிட்டு ஆடிக் கடைசியில்தான் திறந்து பார்த்திருக்கிறான். வெளிச்சம் பட்டால் ஏலக்காய் வெளுத்துப்போகும். அதற்காகத்தான் சாக்குக்குள் கறுப்புத் தாள் போட்டுக் கட்டுகிறோம். எங்கள் ஊரில் காய் பொறுக்கும் பெண்களுக்கெல்லாம் தெரிந்த இந்த விஷயம் தோட்டக்காரர் ஒருவருக்குத் தெரியவில்லை. பாட்டிலில் இருந்த நிறத்தைப் பெயிண்டர் அச்சுப் பிசகாமல் அடித்துக் கொடுத்தான். மஞ்சக்காமாலை வந்த கார் ஒன்று மலையேறி வந்தது.

அவருக்கு அதில் வருத்தமே இல்லை. முகம் மலர்ந்துவிட்டது. மறுபடியும் ஒரு சோலி கிடைத்துவிட்டதே. தோட்டத்துக்கு வந்த கையோடு, ரெட்டை கார்ப்பரேட்டர் மாட்டுவதற்கு இன்ஜினைப் பிரித்துத் தார்ப்பாய்க்கு அடியில் பரப்பினார். கதவு இரண்டையும் இன்ஜினை மூடுகிற முன்மூடியையும் கழற்றி, ஸ்டோருக்குப் பக்கத்துத் தாழ்வாரத்தில் சாய்த்து, சரியான பச்சைப் பெயிண்டைத் தானே அடிக்க ஆரம்பித்தார்.

மழையால் தள்ளிப்போய், அந்த வாரம்தான் அக்காவின் முதல் எடுப்பு. நல்ல காய். பருத்து, ஒரு புள்ளி இல்லாமல் இருந்தது. கங்காணி மலையாளத்துக்காரர், லேசில் எதையும் பாராட்டாதவர். அவரே, "சேச்சி, இது மாதிரிக் காய் இந்தச் சரிவில கண்டிட்டு நாளாச்சு" என்றார். ஸ்டோருக்குள் பீடியோடு யாரையும் விடமாட்டார். வெங்காயம் வைத்த சோற்றுச் சட்டியைக்கூட வாசலிலேயே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஏலக்காய் பக்கத்தில் எந்த வாடை இருந்தாலும் உடனே இழுத்துக்கொள்ளும். ராத்திரியும் பகலும் முறை வைத்து உலையைப் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே ஓயாத மழை. அந்த ஈரத்தில் பெயிண்ட் காயுமா? தொட்டால் கையில் ஒட்டியது. அந்த மலையிலேயே காய்ந்து சூடாக இருந்த இடம் ஒன்றுதான். கங்காணி சாப்பிடப் போன நேரம் பார்த்து, மச்சான் கதவையும் மூடியையும் ஸ்டோருக்குள் கொண்டுபோய்த் தட்டுகளுக்குப் பின்னால் சுவரோரமாக நிறுத்திவிட்டார். மறுநாள் அதேபோல எடுத்தும் விட்டார். அந்த வளாகமே நாலு நாளாகப் பெயிண்ட் வாடையில் கிடந்ததால் யாருடைய மூக்குக்கும் எதுவும் தட்டவில்லை. அக்கா காயை எடுத்துப் பார்த்தாள். பச்சை அப்படியே இருந்தது. அவள் கண்ணில் நீர் வந்துவிட்டது என்று கங்காணி பிறகு என்னிடம் சொன்னார்.

ஏலத்தன்று மூட்டைகளோடு மச்சானும் போடிக்கு வந்தார். அக்கா அவள் பேர் கூப்பிடுவதைக் கேட்க வந்திருக்க வேண்டியவள். தோட்டத்து வேலையை விட்டு வர முடியவில்லை. ஏலக்கூடத்தில் அக்காவின் பேரைக் கூப்பிட்டார்கள். மாதிரித் தட்டு வியாபாரிகளிடம் போனது. முதலில் கையில் எடுத்தவர் ஒரு ராவுத்தர், கம்பத்தில் பழம்பெரும் வியாபாரி, அப்பா காலத்திலிருந்து பழக்கம். காயை உள்ளங்கையில் உருட்டி, "நெறம் பிரமாதம், தம்பி" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் ஒன்றைக் கிள்ளி முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். அப்புறம் தட்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிட்டார். அடுத்தவரும் தள்ளினார். சுற்றிப் போய்த் தட்டு என்னிடமே வந்து சேர்ந்தது. யாரும் விலை கேட்கவில்லை.

ராவுத்தர் என் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னார். "உங்க அக்கா காயின்னு தெரியும். அதான் சத்தமாச் சொல்லல. கதவுக்குப் பெயிண்ட் அடிச்ச வாடை வருதே, தம்பி. எங்க வெச்சுக் காயப்போட்டீங்க?"

எனக்குப் பின்னால் இருந்த அக்கா புருஷன் எட்டி ஒரு காயை எடுத்தார். கிள்ளினார். ஆழமாக மூச்சு இழுத்தார்.

"ஆமா, மாப்ளே" என்றார். "நயம் பெயிண்டு. நல்லாப் பிடிச்சிருக்கு பாரு."

அவரை அடிக்காமல் நான் எப்படி இருந்தேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. கூடம் முழுக்க மனிதர்கள் இருந்தார்கள், அதனால்தான் என்று நினைக்கிறேன்.

மூட்டைகளைத் திரும்ப ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். வழியெல்லாம் அவர் டிரைவரிடம் ஜீப்பின் சைலன்சரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். அக்கா வாசலுக்கு வந்து, மூட்டைகளைப் பார்த்தாள். நான் சொல்வதற்கு முன்பே ஒரு மூட்டையை அவிழ்த்து, கை நிறைய அள்ளி முகத்தருகே கொண்டுபோனாள். பிறகு கங்காணியைக் கூப்பிட்டு, "எருக்குழியில கொட்டிருங்க" என்றாள்.

"ஏய், இரு இரு. குழியில ஏன் கொட்டணும்?" என்றார் புருஷன். "காரு சீட்டு ரெண்டும் பஞ்சு போயிக் கெடக்கு. இத உள்ள திணிச்சுத் தச்சா மெத்துன்னும் இருக்கும், வாசமாவும் இருக்கும். எந்தச் சீமைக்காரன் வண்டியிலயும் இது கெடையாது."

கங்காணி தலையைக் குனிந்துகொண்டார். அக்கா கையிலிருந்த காயை உதறிவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அந்த வண்டி ஓடுச்சுல்ல?" என்றாள்.

"ஓடுச்சே. நீதான் பக்கத்துல உக்காந்து வந்தியே."

"அதுல ஏறிக் கீழ போங்க. ஊர் வீட்டுல இருந்துக்கங்க. இங்க வர வேண்டாம்."

"இப்ப எப்படிப் போறது? இன்ஜினைப் பிரிச்சுல்ல போட்டிருக்கேன்."

"அப்ப பஸ்சுல போங்க."

அக்கா விளையாட்டுக்குச் சொல்கிறாளா, நிஜமாகத்தானா என்று அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா உள்ளே போய் அவருடைய துணியைப் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த எடுப்புக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. அதற்குள் ஸ்டோரைக் கூட்டி, கழுவி, வாடை போகும்வரை வெறும் உலை எரிக்க வேண்டும். அவளுக்கு அழக்கூட நேரமில்லை.

இன்னும் மூட்டைகள் இறக்காத ஜீப்பிலேயே எல்லோரும் ரோட்டுக்கு வந்தோம். கேரளப் பக்கமிருந்து வந்த பஸ் நின்றது. அவர் பையோடு ஏறப்போகும்போது அக்கா கங்காணியிடம், "அந்த மூட்டைகளையும் மேல ஏத்திருங்க. சீட்டுக்கு வேணுமாம்" என்றாள். அந்தக் குரலில் இருந்த குத்தல் எனக்கே உறைத்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூட எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு மட்டும் எதுவும் எட்டவில்லை. சந்தோஷமாகக் கீழே இறங்கி வந்து, மூட்டைகள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்டக்டரைக் கூப்பிட்டு, "அண்ணே, தார்ப்பாயை நல்லா இழுத்துக் கட்டுங்க. காய் நனைஞ்சிரக் கூடாது" என்றார்.

அக்காவின் காயைப் பற்றி அந்த மனிதர் கவலைப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.